மனு எழுதக் கற்ற கடற்கரை

கடலோரப் பங்குகளில் பணியாற்றும் குருக்கள் எல்லாருக்கும் பழகிப்போன வேலை ஒன்று உண்டு. அது மனு எழுதுதல். தூண்டில் வளைவு வேண்டும். கடலரிப்பில் கல்லறைத் தோட்டத்தின் சுவர் போய்விட்டது. கடலுக்குப் போனவர் கரை சேரவில்லை. விரித்த வலையை விசைப்படகு அறுத்துச் சென்றுவிட்டது. எதுவாயினும் மக்கள் முதலில் வந்து நிற்கும் இடம் பங்குத்தந்தையின் இல்லம். அவர் எழுதுவார், ஊர்க் கமிட்டியார் கையொப்பமிடுவர், அவரே முன்னின்று ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வார். அங்கே அதிகாரி அவரை அமரச் சொல்வார். உடன் வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பர். வேண்டியது கிடைத்தால் குருவுக்கு நன்றி. கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு அதே மனு, தேதி மட்டும் மாறியபடி.

இப்பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. முத்துக்குளித்துறை மக்கள் திருமறையைத் தழுவிய வரலாறே ஒரு முறையீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1530களின் நடுப்பகுதியில், முத்துச் சலாபத்தின் வருவாயை நாடிப் பலர் தொல்லை கொடுத்தபோது, பரதவரின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு வேண்டினர். இடையில் நின்று வழிகாட்டியவர் ஜொவாம் தா குரூஸ் என்ற குதிரை வணிகர். 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியாரும் இம்மக்களுக்காக ஓயாது எழுதினார். 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு அவர் வரைந்த மடல்களில், போர்த்துக்கீசியத் தளபதியின் நடத்தை பற்றிய மனக்கசப்பு வெளிப்படையாகவே தெரிகிறது. மக்களின் துயரை அதிகாரத்தின் செவிக்குக் கொண்டுசெல்வது மேய்ப்பனின் கடமை என அவர் உணர்ந்திருந்தார்.

இவ்வரலாற்றை நாம் பெருமையோடு படிக்கிறோம், படிக்கவும் வேண்டும். ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். அம்மடல்களில் சவேரியாரின் குரல் இன்றும் ஒலிக்கிறது. பட்டங்கட்டிகள் கொச்சியில் என்ன சொன்னார்கள், எந்தச் சொற்களில் சொன்னார்கள் என்பது அவர்களுடைய வாய்மொழியாக நமக்குக் கிடைக்கவில்லை. அன்று முதல் நான்கு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடற்கரைக்காக யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். கடற்கரை தானே பேசக் கற்றது மிக அண்மையில்தான். அது கற்ற விதம், நம் கண்ணெதிரே நடந்த வரலாறாக இருந்தும், நம் ஞாயிறு மறையுரைகளிலோ பள்ளிப் பாடநூல்களிலோ போதிய இடம் பெறவில்லை.

இதன் தொடக்கம் நல்லெண்ணத்தோடு வந்த ஓர் உதவி. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இந்தோ–நார்வே திட்டம் தொடங்கியது. மீனவரின் வறுமையைப் போக்குவதும், படகுகளுக்கு இயந்திரம் பொருத்துவதும், நல்ல குடிநீரும் மருத்துவமும் அளிப்பதும் அதன் நோக்கங்கள். ஆனால் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கிடைத்த விலை எல்லாவற்றையும் மாற்றியது. கடலின் அடித்தரையை வழித்துக்கொண்டு செல்லும் இழுவைமடி 1960களில் பெருகிற்று. அரசுகள் கடனும் மானியமும் தந்தன. கடலையே அறியாத முதலீட்டாளர்களும் படகு வாங்கினர். இறால் கரையோர ஆழம் குறைந்த நீரில் வாழ்வது. ஆகவே ஆழ்கடலுக்கெனக் கருதப்பட்ட இழுவைப்படகு கட்டுமரமும் வள்ளமும் தொழில் செய்யும் கரைக்கடலுக்கே வந்தது. வலைகள் அறுந்தன. குஞ்சு மீன்கள் மடியில் சேர்ந்து குப்பையாகக் கடலில் கொட்டப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4.5 லட்சம் டன்னை எட்டிய கேரளக் கடல்மீன் பிடிப்பு 1980இல் 3 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது.

மீனவர் முதலில் என்ன செய்தனர்? படகுகளைக் கொளுத்தினர். சென்னைக் கரையிலும் கோவாவிலும் கேரளத்திலும் 1970களில் கடல்மேல் சண்டை நடந்தது, உயிர்கள் போயின. நீதி அவர்கள் பக்கம் இருந்தது என்று நாம் கருதுகிறோம். ஆனால் எரிந்த படகு காவல் நிலையத்தில் ஒரு வழக்காக மட்டுமே பதிவாகிறது. ஏன் எரிந்தது என்ற கேள்வி அந்தப் பதிவில் இடம் பெறுவதில்லை.

முதற் பாடம், யாரிடம் கேட்பது என்பது. இது எளிதாகத் தோன்றும். அன்று எளிதாக இருக்கவில்லை. நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு; ஆனால் ஆட்சிக்கடலுக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பு மத்திய அரசின் பொறுப்பு. 1976ஆம் ஆண்டின் கடற்பகுதிச் சட்டம் ஆட்சிக்கடலை 12 கடல் மைல் என்றும், அதற்கப்பால் 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம் என்றும் வரையறுத்தது. எனவே கரைக்கடலைப் பற்றிய மனுவைத் தில்லிக்கு அனுப்பினால் அது மாநிலத்துக்குத் திரும்பும். பெரிய கப்பல்களைப் பற்றிய மனுவை மாநிலத்துக்கு அனுப்பினால் தில்லியைக் கைகாட்டுவர். இரண்டு வாசலையும் தட்டுவதற்கு ஊர்க் கமிட்டி போதாது. 1978இல் பல கடலோர மாநிலங்களின் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு தேசிய அமைப்பைத் தோற்றுவித்தன. அதுவே பின்னர் தேசிய மீன் தொழிலாளர் பேரவை எனப்பட்டது. அதன் முதல் தலைவர் கோவாவைச் சேர்ந்த மத்தானி சல்தானா என்ற ஆசிரியர். மத்திய அரசு மாதிரிச் சட்டமொன்றை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் 1980இலும் தமிழகம் 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. தமிழகத்தில் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையான பகுதி நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த எல்லையைக் காக்க ரோந்துப் படகும் ஆளும் போதிய அளவில் இருந்ததில்லை என்பதைக் கடலுக்குப் போகும் எவரும் சொல்வார்.

இரண்டாம் பாடம் கடினமானது. கேரளத்தின் ஆனி, ஆடி மாதத் தடைப் போராட்டத்தில்தான் அது கற்கப்பட்டது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பல மீனினங்கள் சினைகொண்டு கரையை நெருங்குகின்றன. அப்போது இழுவைமடி போட்டால் கடல் மலடாகும் என்பது மரபு மீனவரின் வாதம். இதை அவர்கள் எங்கிருந்து அறிந்தார்கள்? தந்தையும் பாட்டனும் சொன்னதிலிருந்து; மீனின் வயிற்றைக் கீறும்போது கண்டதிலிருந்து; நீரின் நிறம், நீவாடு, கச்சான் காற்று ஆகியவற்றிலிருந்து. ஆட்சிக் கூடத்தில் இவை எடுபடவில்லை. எந்த இனம், எந்த மாதம், எத்தனை விழுக்காடு என்று அங்கே கேட்டார்கள். படகு உரிமையாளர்கள் தரப்பிலோ வலுவான மறுப்பு ஒன்று இருந்தது. கொல்லத்துக் கடலில் கிடைக்கும் கரிக்காடி இறாலை மழைக்காலத்தில் பிடிக்காவிட்டால் பின்னர் அது கிடைக்காமலே போகும், ஏற்றுமதிக்கு இழப்பு என்றார்கள். விஞ்ஞானிகளிலும் சிலர் அதை ஆதரித்தனர்.

1981இல் இரட்சகர் சபைக் குருவான அருள்தந்தை தாமஸ் கொச்சேரி திருவனந்தபுரத்தில் உண்ணாநோன்பு இருந்தார். அரசு பாபு பால் குழுவை அமைத்தது. தடையைப் பற்றி அக்குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1984இல் போராட்டம் மீண்டும் மூண்டது. கோழிக்கோட்டில் அருள்சகோதரி ஆலிஸ் உண்ணாநோன்பு இருந்தார். மற்றொரு குழு, கலாவர் தலைமையில். இழுவைப்படகுகளின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்க வேண்டுமென அது பரிந்துரைத்தது. பரிந்துரை அடுக்கில் தங்கிற்று. பின்னர் கடலுயிரியல் அறிஞர் பாலகிருஷ்ணன் நாயர் தலைமையில் மூன்றாவது குழு. பருவமழைக் காலத்தில் முழுத் தடையை மூன்றாண்டு நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம் என்று அது கூறியது.

குழுமேல் குழு அமைப்பது காலங்கடத்தும் தந்திரம் என்று அன்று பலர் சினந்தனர். சினத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஏழெட்டு ஆண்டுகளில் சங்கத்தார் ஒரு பள்ளியில் பயின்றதுபோல் பயின்றனர் என்பதே நம் கருத்து. ஒவ்வொரு குழுவின் முன்பும் சாட்சியம் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்த் தரப்பார் வைக்கும் ஆவணத்தைப் படிக்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கே பொருளியல் அறிஞர் ஜான் குரியனின் பணி குறிப்பிடத்தக்கது. திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு மீனவர் குடியிருப்பில் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவாக உழைத்துவிட்டு, பின்னரே ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றவர் அவர். அரசின் எண்களையே கொண்டு, பிடிப்பு குறைந்ததையும் மரபு மீனவரின் வருவாய் சரிந்ததையும் எடுத்துக்காட்டினார். அரசு தன் கணக்கைத் தானே மறுக்க இயலாது அல்லவா?

1988இல் கேரளம் முதன்முறையாக ஒரு குறுகிய காலத்துக்கு மழைக்கால இழுவைத் தடையை நடைமுறைப்படுத்தியது. நீண்டகரைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது; கரிக்காடி வாதம் அந்த அளவுக்கு வென்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தடை வலுப்பெற்றது. படகு உரிமையாளர்கள் வழக்காடினர். 1990களின் முற்பகுதியில் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாள் தடை வந்தது. 2017 முதல் அது 61 நாள். இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையிலும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. குமரி மாவட்டத்தார் இரண்டையும் காண்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்று நாட்காட்டியில் அச்சிடும் அளவுக்கு அது இயல்பாகிவிட்டது. கட்டுமரக்காரரும் பெண்களும் திருவனந்தபுரத்துத் தெருக்களில் அதற்காக வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்ததை இன்று எத்தனை பேர் நினைவுகூர்கிறார்கள்?

பெண்கள் என்றதும் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருவனந்தபுரம் பகுதியில் மீன் விற்கும் பெண்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்தனர். நாற்றம் என்பது காரணம். தலைச்சுமையோடு பல மைல் நடப்பார்கள். நளினி நாயக் முதலியோர் துணைநிற்க, அப்பெண்கள் 1970களின் இறுதியில் இதைக் கோரிக்கையாக எழுப்பினர். அவர்கள் இழுவைமடியையோ ஏற்றுமதிக் கொள்கையையோ பற்றிப் பேசவில்லை. ஒரு பேருந்து கேட்டனர். 1980களின் தொடக்கத்தில் அவர்களுக்கெனத் தனிப் பேருந்துகள் விடப்பட்டன. ஆண்களின் பெரிய கோரிக்கை பத்தாண்டு அலைந்துகொண்டிருந்தபோது, பெண்களின் சிறிய கோரிக்கை கண்முன்னே ஓடியது. கேட்பதைத் தெளிவாகக் கேட்கும் கலையில் அவர்கள் முந்திக்கொண்டனர்.

திருச்சபையின் நிலையையும் மறைக்காமல் கூறவேண்டும். கேரளத்தில் இச்சங்கம் முதலில் இலத்தீன் கத்தோலிக்க மீனவர் பெயரில்தான் எழுந்தது. இந்துவும் முஸ்லிமும் அதே கடலில் அதே வலையை விரிக்கிறார்கள் என்பதால், பின்னர் சமயப் பெயரை நீக்கிச் சுதந்திர மீன் தொழிலாளர் கூட்டமைப்பாக அது மாற்றப்பட்டது. இது சிலருக்கு உவக்கவில்லை. குருக்களும் துறவியரும் தெருவில் அமர்வது முறையா என்ற கேள்வி எழுந்தது. இழுவைப்படகு உடையோரிலும் கத்தோலிக்கர் பலர் இருந்தனர். ஒரே பீடத்தின் முன் நற்கருணை வாங்கும் இருவரில் ஒருவர் மற்றவரின் வலையை அறுக்கிறார் என்றால் பங்குத்தந்தை என்ன சொல்வார்? சமாதானமாக இருங்கள் என்பது எளிது. ஆமோஸ் இறைவாக்கினர் அவ்வாறு சொல்லவில்லை.

ஆயினும் குருக்கள் முன்னின்றதில் ஒரு நெருடலும் உண்டு. செய்தித்தாள்களில் தந்தையரின் படமே வந்தது. அமைச்சர் தந்தையரோடுதான் பேச விரும்பினார். பழைய மனுப் பழக்கமே புதிய உடையில் வந்துவிடக்கூடிய ஆபத்து அது. இதை இயக்கத்தினுள் இருந்தோரே உணர்ந்து, மீனவரைத் தலைமைக்குக் கொண்டுவர முயன்றனர். முயற்சி எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் வெற்றி பெறவில்லை. நம் பக்கத்து மறைமாவட்டங்களில் இன்னும் குறைவு என்றே சொல்வோம். பேசும் ஆற்றல் உடைய மீனவர் இல்லாமல் இல்லை. ஏலக்களத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்டவருக்குத் தெரியும். ஆட்சியரின் அறையில் நாம் அவர்களுக்கு முன்னால் பேசிவிடுகிறோம்.

1989 ஏப்ரலில் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் இரு அணிகள் நடைப்பயணமாகப் புறப்பட்டன. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பது முழக்கம். மே 1 அன்று கன்னியாகுமரியில் பெருந்திரளாகக் கூடினர். அங்கே காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, பலர் காயமுற்றனர். அப்பயணம் முடிந்த விதத்தை எண்ணி வருந்துவோர், அது வேறொன்றையும் செய்தது என்பதை மறக்கலாகாது. வங்கத்து மீனவரும் குஜராத்து மீனவரும் நம்மவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர்.

அதன் பயன் 1990களில் தெரிந்தது. தாராளமயக் கொள்கையின் பகுதியாக 1991இல் மத்திய அரசு புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கையை அறிவித்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் கூட்டு முயற்சி, குத்தகை முதலிய பெயர்களில் நம் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிக்க உரிமம் பெற்றன. இப்போது மரபு மீனவர் எடுத்த முடிவுதான் இவ்வரலாறு முழுவதிலும் நமக்கு மிக வியப்பூட்டுவது. எந்த இழுவைப்படகு உரிமையாளர்களோடு பதினைந்தாண்டு போரிட்டார்களோ, அவர்களையே அழைத்துக் கைகோத்தார்கள். வெளிநாட்டுக் கப்பல் வந்தால் இருவருக்கும் வாழ்வில்லை. கூட்டு முயற்சிகளுக்கு எதிரான தேசிய நடவடிக்கைக் குழு உருவாயிற்று. 1994 பிப்ரவரியிலும் நவம்பரிலும் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. கரையெங்கும் மீன் இறங்கவில்லை. பழைய பகை தீர்ந்துவிட்டதென்று இரு தரப்பும் பாசாங்கு செய்யவில்லை. மூன்று மைல் எல்லையில் சண்டை தொடர்ந்தது; இருநூறு மைல் எல்லைக்காக ஒன்றாக நின்றனர்.

அரசு 1995இல் பி. முராரி தலைமையில் ஆய்வுக் குழுவை அமைத்தது. தொடக்கத்தில் அதில் மீனவரின் குரலுக்கு இடமில்லை. 1980களின் பள்ளியில் பயின்றவர்களுக்கு இது ஏன் பெரிய செய்தி என்பது உடனே விளங்கிற்று. குழுவில் யார் அமர்கிறார்களோ அவர்களே அறிக்கையை எழுதுகிறார்கள். 1995 மே மாதம் கொச்சேரி அடிகள் காந்தியடிகள் பிறந்த போர்பந்தரில் உண்ணாநோன்பு தொடங்கினார். குழு விரிவாக்கப்பட்டது, மீனவர் பிரதிநிதிகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்க்கப்பட்டனர். குழுவினர் கடற்கரைகளுக்கு வந்து கேட்டனர். 1996 பிப்ரவரியில் வந்த அறிக்கையில் 21 பரிந்துரைகள். வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களுக்குத் தந்த உரிமங்களைச் சட்டப்படி இரத்துச் செய்ய வேண்டும், புதியன வழங்கலாகாது, நம் மீனவர் எட்டக்கூடிய கடற்பகுதியைப் பெரிய கப்பல்களுக்குத் திறக்கலாகாது, ஆழ்கடல் மீன்பிடிப்புக்கான சட்டத்தை மீனவரைக் கலந்தே நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். அறிக்கை கையில் வந்த பின்னும் அதை ஏற்கச் செய்ய மீண்டும் போராட வேண்டியிருந்தது. 1997இல் அரசு ஏற்றது.

வென்ற களத்தை மீண்டும் மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது என்பதும் இதே கதையில் உண்டு. பிற்காலத்தில் அனுமதிக் கடிதம் என்ற பெயரில் பெரிய கப்பல்கள் வேறு வழியாக வந்தன. 2014இல் மீனாகுமாரி குழுவின் அறிக்கை மீண்டும் கரையைக் கொதிக்க வைத்தது. அந்த அனுமதி முறை 2017இல்தான் கைவிடப்பட்டது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கதையும் அவ்வாறே. 1991இல் வந்தது, 2008இல் அதை மாற்றும் வரைவு எதிர்ப்பினால் மறு ஆண்டு காலாவதியாக விடப்பட்டது, கரையோர மாநிலங்களில் மக்களைக் கேட்டு 2011இல் புதிய அறிவிக்கை வந்தது, 2019இல் மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத்துக்குத் தடையான பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. இந்த மாற்றங்களைப் பற்றிக் கருத்துக் கேட்கும் அரசு அறிவிப்புகள் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கோருபவை. அந்த நாள் கடந்த பின் நம் பங்கிலிருந்து போகும் மனு எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டிருப்பினும் அதற்குப் பயனில்லை.

இவ்வரலாற்றின் ஒரு கிளை உரோமை வரை சென்றது. 1984 கோடையில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அங்கே உலக மீன்வள மாநாட்டைக் கூட்டியது. அரசுகளின் பிரதிநிதிகள் உள்ளே அமர்ந்தனர். அதே நாட்களில் அதே நகரில், 30க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த மீன் தொழிலாளரும் அவர்தம் ஆதரவாளரும் தனியாகத் தங்கள் மாநாட்டை நடத்தினர். அதன் தொடர்ச்சியாக 1986இல் திருவனந்தபுரத்தில், மீன் தொழிலாளர்க்கு ஆதரவான பன்னாட்டு அமைப்பு ஒன்று உருவாகிச் சென்னையில் அலுவலகம் அமைத்தது. வெளியில் நின்றவர்கள் மெல்ல மெல்ல உள்ளே சென்றனர். சிறு அளவு மீன்பிடிப்போருக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகளை அந்த ஐ.நா. அமைப்பு வகுக்க முற்பட்டபோது, 120க்கும் மேற்பட்ட நாடுகளில் 4,000க்கும் மேற்பட்டோரைக் கலந்துரைத்தனர். சென்னை அலுவலகத்தின் செயலாளரான சந்திரிகா சர்மா அப்பணியில் முன்னின்று உழைத்தவர். 2014 மார்ச்சில் காணாமற்போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். மே 3 அன்று கொச்சேரி அடிகள் திருவனந்தபுரத்தில் இறையடி சேர்ந்தார். ஜூன் மாதம் உரோமையில் நாடுகள் அந்நெறிகளை ஏற்றன. சந்திரிகா சர்மாவின் நினைவுக்கு அவை காணிக்கையாக்கப்பட்டன.

நம் கரைக்கு மிக நெருக்கமான, இன்னும் முடியாத ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பாக் நீரிணையில் இழுவைமடியோடு செல்வோர் நம்மவர். போர் ஓய்ந்தபின் மீண்டும் கடலுக்கு வந்த வட இலங்கைத் தமிழ் மீனவரின் வலைகளை அறுப்பவையும் நம் படகுகளே. கைது செய்யப்படும் நம் மீனவருக்காகவும் அடிபட்டு இறந்தோருக்காகவும் நாம் எழுதும் மனுக்கள் நியாயமானவை. அவற்றை எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் அம்மனுக்களில் இழுவைமடி என்ற சொல் வருவதில்லை. 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர் குழுவொன்று தமிழகம் வந்து நம்மவரோடு நேருக்கு நேர் அமர்ந்தது. ஓராண்டுக்குள் அவர்கள் கடலில் இழுவைமடியைக் கைவிடுவதாக நம்மவர் ஒப்பினர். இரு அரசுகளும் அந்த இணக்கத்தை ஏற்றுச் செயற்படுத்தவில்லை, ஓராண்டும் கடந்தது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேசினர். 2017இல் இலங்கை அடித்தர இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு இந்திய அரசு, இழுவைப்படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரைமீன் தொழிலுக்கு மாறுவோர்க்கு, 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம் தரும் திட்டத்தை இராமேசுவரத்தில் தொடங்கியது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் படகுகள் மாறவில்லை. மீதித் தொகையும் கடனும், ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கிச் செய்ய வேண்டிய பழக்கமில்லாத தொழிலும், பாக் நீரிணையில் அன்றன்று போய் வருவோர்க்கு எளிதாக இல்லை.

மடி அடித்தரையை வழிக்கிறது, குஞ்சுகள் அழிகின்றன, எங்கள் வலை அறுகிறது, கடன் பெருகுகிறது என்று யாழ்ப்பாணத்தாரும் மன்னாரினரும் ஆண்டுதோறும் முறையிடுகின்றனர். 1981இல் திருவனந்தபுரத்துத் தெருவில் அமர்ந்திருந்தோர் முறையிட்டதும் இதுவே. இவர்கள் அதைத் தமிழிலேயே சொல்கிறார்கள்.